தோழர் கேட்ட இரண்டாவது குளிப்பு

கோயில் திருவிழா மலருக்கு என் தொழில் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லி மலர்க்குழுவினர் கேட்டார்கள். "எங்கட சனம் இஞ்ச வந்து முன்னேறினது தெரியிற மாதிரி எழுதுங்கோ அண்ணை" என்றும் சொன்னார்கள். நான் வேலை செய்து ஓய்வு பெற்றது ஒரு முதியோர் இல்லத்தில். பராமரிப்பு ஊழியர் என்பது வேலையின் பெயர். எங்கள் சனம் அதைக் கழுவித் துடைக்கிற வேலை என்று சொல்லும். அதில் முன்னேற்றம் எங்கே இருக்கிறது என்று இரண்டு நாள் யோசித்தேன். எந்தப் பக்கத்தால் யோசித்தாலும் ஒரு துருக்கிக்காரர்தான் வந்து முன்னால் நிற்கிறார். கடவுள் இல்லை என்று சொன்னவர். சோசலிசக் கட்சிக்காரர். இதைக் கோயில் மலரில் போடுவதும் விடுவதும் குழுவினரின் விருப்பம்.

போன மாதம் அந்த இல்லத்தை எட்டிப் பார்க்கப் போயிருந்தேன். மொன்றியலின் ரொக்ஸ்பரோவில் என் வீட்டிலிருந்து ஒரே பஸ். இப்போது ஒவ்வோர் அறை வாசலிலும் ஒரு கணினித் திரை இருக்கிறது. யாரை என்றைக்குக் குளிக்க வார்க்க வேண்டும் என்பதை அதுவே சொல்கிறது. கூட்ட அறைக்கு அந்தத் துருக்கிக்காரர் ஹாலித் பேயின் பெயரை வைத்து, வாசலில் படமும் மாட்டியிருக்கிறார்கள். படத்துக்குக் கீழே 'இந்த இல்லத்தின் அமைதியான நண்பர்' என்று எழுதியிருக்கிறது. நண்பர் என்பது சரி. அமைதியானவர் என்று எழுதிய ஆள் அவரைக் கண்டிருக்க மாட்டார்.

நான் படித்தது பத்தாம் வகுப்பு. வந்த புதிதில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். "கோப்பை கழுவுற கை ஆளைக் கழுவாதோ" என்று மனைவிதான் என்னைப் பராமரிப்புப் படிப்புக்கு அனுப்பினாள். வேலை கிடைத்த பிறகு ஊரில் கேட்டவர்களுக்கு "அவருக்கு ஆஸ்பத்திரியில வேலை" என்று சொன்னவளும் அவள்தான். படிப்பில் எங்களுக்குப் பழக ஒரு பிளாஸ்டிக் பொம்மை தந்தார்கள். அந்தப் பொம்மை ஒருநாளும் எங்களைத் திட்டவில்லை. அது ஒன்றுதான் அந்தப் படிப்பில் இருந்த குறை.

மற்றபடி நன்றாகவே சொல்லித் தந்தார்கள். தண்ணீரின் சூட்டை உள்ளங்கையால் பார்க்கக் கூடாது. வேலை செய்த கை மரத்துப்போயிருக்கும். முழங்கையின் உட்பக்கத்தால் பார்க்க வேண்டும். முதலில் முகம், அதற்குச் சவர்க்காரம் இல்லை. கண்ணை மூக்குப் பக்கத்திலிருந்து வெளியே துடைக்க வேண்டும். மற்றக் கண்ணுக்குத் துணியின் வேறு மூலை. கழுவுகிற இடம் தவிர மற்ற உடம்பெல்லாம் துவாயால் மூடியிருக்க வேண்டும். அந்த மனிதருக்குக் குளிராமல் இருக்கவும் வெட்கம் வராமல் இருக்கவும்தான். பாரிசவாதம் வந்தவருக்குச் சட்டை கழற்றும்போது நல்ல கையை முதலில் கழற்ற வேண்டும். போடும்போது வழங்காத கைக்கு முதலில் போட வேண்டும்.

எனக்கு இது தொண்டு. விடிய எழும்பி விளக்கேற்றி, திருநீறு பூசி, பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். ஆட்களைக் கழுவும்போது வாய்க்குள் தேவாரம் ஓடிக்கொண்டிருக்கும். முணுமுணுப்பு மருந்தாக்கும் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள்.

எங்கள் பொறுப்பாளர் மதாம் தெரியோ. ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. எதையாவது சொல்ல வேண்டுமென்றால் கிட்ட வந்து, இரண்டு விரலால் எங்கள் சட்டைக் கையைத் தொட்டு, மெல்லச் சொல்லுவா. கெட்ட செய்தி என்றால் வீட்டிலிருந்து மஃபின் சுட்டுக்கொண்டு வருவா. யாருடைய வேலை நேரமாவது குறையப் போகிறது என்பதை மஃபின் வாசத்திலேயே அறிந்துகொள்வோம். சும்மா சொல்லக் கூடாது, நல்ல மஃபின்.

ஹாலித் பேயை அவருடைய மகள் புரோசார்ட்டிலிருந்து கொண்டுவந்து விட்டா. பாரிசவாதத்தால் இடது கை வழங்காது. தடி பிடித்தால் கொஞ்சத் தூரம் நடப்பார், மற்றபடி சக்கர நாற்காலி. 'பே' என்பது துருக்கியில் எங்கள் 'ஐயா' மாதிரி. எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது பிரெஞ்சுதான். அவருடைய பிரெஞ்சு புத்தகத்தில் படித்தது, என்னுடையது குளியலறையில் படித்தது. அவர் சொன்னதை இங்கே எங்கள் பேச்சில் எழுதுகிறேன்; அதுதான் எனக்கு வரும்.

முதல் நாள் குளிக்க வார்த்துவிட்டுச் சட்டை போடும்போது, "ஏன் வழங்காத கையில துவங்கிறியள்?" என்று கேட்டார். சொன்னேன்.

"கழட்டேக்க?"

"நல்ல கை முதல்."

"எடுக்கிறதை பலமானவனிட்ட இருந்து எடு, குடுக்கிறதை பலமில்லாதவனுக்கு முதல்ல குடு" என்றார். "இதைச் சொல்லத்தான் நான் இத்தனை புத்தகம் எழுதினனான். உங்களுக்கு ஒரு சட்டையோட முடிஞ்சுது, தோழர்."

அன்றிலிருந்து நான் தோழர். மதாம் தெரியோவும் தோழர். மீன்கூட முள்ளில்லாமல் வந்தால் தோழர்தான்.

கழுவும்போது சிலர் வெட்கத்தில் கண்ணை மூடிக்கொள்வார்கள். சிலர் பேசுவார்கள். ஹாலித் பே பேசினார். அவருடைய சரித்திரம் முழுவதையும் நான் சவர்க்கார நுரைக்கு நடுவில்தான் கேட்டேன். கருங்கடல் பக்கத்தில் ஒரு சின்னத் துறைமுகத்தில் பிறந்தவர். பிரெஞ்சு படித்து, ஒரு பிரெஞ்சு நூலைத் துருக்கியில் மொழிபெயர்த்தார். எழுதினவருக்குப் பிரான்சில் பரிசு கொடுத்தார்கள். மொழிபெயர்த்தவரைத் துருக்கியில் மறியலில் போட்டுப் பூட்டினார்கள். "வழக்குப் போட்ட அரசாங்க வக்கீல்தான் என்ர புத்தகத்தை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் வாசிச்ச ஒரே ஆள்" என்பார். "எழுத்துப் பிழையளுக்கும் கோடு போட்டு வைச்சிருந்தார். நல்ல வாசகர்."

மறியலால் வந்து தேர்தலில் நின்றார், தோற்றார். திரும்பவும் நின்று தோற்றார். ஒரேயொரு முறை வென்று பாராளுமன்றம் போனார். தேயிலை பறிக்கிற பெண்களுக்காக ஒரு நீண்ட பேச்சுத் தயாரித்து, பாதி பேசி, மிச்சத்தை அடுத்த கிழமைக்கு என்று நிறுத்தியிருக்கிறார். அடுத்த கிழமை பாராளுமன்றம் இல்லை, பட்டாளம்தான் இருந்தது. திரும்ப மறியல். பிறகு நாடு நாடாக அலைந்து மொன்றியல் வந்து, உடுப்பு அழுத்துகிற தொழிற்சாலையில் நின்றார். இங்கே அவர் மொழிபெயர்த்தது தையல் மெசின் பாவிக்கும் முறை. "என்ர மொழிபெயர்ப்பில ஆரும் தடை செய்யாதது அது ஒண்டுதான். அதுக்குத்தான் காசும் தந்தவை."

வெளிநாட்டில் அவருடைய கட்சி இரண்டாகி, நாலாகி, கடைசித் துண்டில் அவரும் மனைவியும் மட்டும் மிஞ்சினார்களாம். "பேந்து அவவும் கருத்து வேறுபாட்டால விலகிட்டா. ஆனா சமைச்சுத் தந்தவ." எனக்கு இது புதினமாகப் படவில்லை. மொன்றியலில் எங்கள் ஊருக்கு எத்தனை சங்கம் என்று மலர்க்குழுவினருக்கே தெரியும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை. கோயிலில் விசேஷம் என்று ஹாலித் பேயை அவசரமாகக் கழுவிக்கொண்டிருந்தேன். அங்கே என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அபிஷேகம் என்றேன். என்றால் என்ன என்றார்.

"சுவாமியைக் குளிக்க வார்க்கிறது. தண்ணி, பால், இளநீர் எல்லாத்தாலையும்."

"எப்பப்ப?"

"ஒவ்வொரு நாளும். விசேஷமெண்டால் இன்னும் கூட."

நல்ல கையின் விரல்களை மடித்து எண்ணினார். அந்த எண்ணிக்கைக்கு நான் பயந்திருக்க வேண்டும்.

"கல்லுக்கு ஒவ்வொரு நாளும். எனக்குக் கிழமைக்கு ஒருக்கா."

"கல்லெண்டு சொல்லாதையுங்கோ, ஹாலித் பே."

"சரி, சொல்லேல்லை. அவர் அப்பிடி என்ன வேலை செய்து வேர்க்கிறார்?"

"உலகத்தைக் காக்கிறார்."

"அதை நானும் செய்து பாத்தனான். எனக்கு அதுக்காக ஒருத்தரும் பால் ஊத்தேல்லை."

இல்லத்தில் கிழமைக்கு ஒரு முழுக்குளிப்புத்தான் விதி. மற்ற நாட்களில் முகம், கை, அடி உடம்பு துடைப்பதோடு சரி. அங்கே இருப்பவர்களுக்கு ஒரு குழுவும் இருந்தது. குழு வைக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு வங்கி முகாமையாளரின் விதவை அதற்குத் தலைவி. மதாம் தெரியோ எதைச் சொன்னாலும் "நல்ல யோசனை" என்று சொல்லி மஃபினை எடுப்பா. எங்களுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவதான் தலைவி. தலைவர் தேர்தலில் ஹாலித் பே எதிர்த்து நின்றார். சாப்பாட்டு மண்டபத்தில் சக்கர நாற்காலியில் இருந்தபடி பேசினார்.

"இஞ்சயிருந்து ரெண்டு பஸ் தரிப்புத் தள்ளி ஒரு கோயில் இருக்கு. அங்க ஒரு கடவுளை ஒவ்வொரு நாளும் குளிக்க வார்க்கினம். வேலைக்கு ஆள் காணாது எண்டு ஒருத்தரும் அவருக்குச் சொல்லுறேல்லை. எங்களுக்கு அவ்வளவு வேண்டாம். கிழமைக்கு ரெண்டு போதும்."

மண்டபம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் சூப் அகப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று பின்னேரம் உடுப்பு மாற்றுகிற அறையில் தவம் என்னைப் பிடித்தான். தவம் வல்வெட்டித்துறைப் பக்கம், என்னோடு அதே மாடியில் வேலை.

"அண்ணை, உங்களை ஆர் அபிஷேகக் கதை கதைக்கச் சொன்னது?"

"கேட்டார், சொன்னன்."

"தொழிலாளிக்காக மறியலுக்குப் போனவராம். இப்ப தொழிலாளியின்ர இடுப்பு நாரியை முறிக்கப் பாக்கிறார். ரெண்டாங் குளிப்பை ஆர் வார்க்கிறது, லெனினோ?"

அவன் கேட்டது நியாயம். அடுத்த நாள் ஹாலித் பேக்கு முகம் வழிக்கும்போது அதையே கேட்டேன். சவரக்கத்தி நாடிக்குக் கீழே இருந்தபடியால் அவரால் வாய் திறக்க முடியவில்லை. வழித்து முடித்த பிறகு, "கத்தி கழுத்தில இருக்கேக்க கேக்கிற கேள்வியோ இது?" என்றார்.

"நீங்கள் பதில் சொல்லாமல் கேக்கிற நேரம் இது ஒண்டுதான்."

துவாயை வாங்கித் தன் நல்ல கையால் முகத்தை ஒற்றினார். "வாழ்நாள் முழுக்கத் தொழிலாளிக்காகக் கதைச்சன். ஒரு தொழிலாளியும் என்னை மறுத்துக் கேள்வி கேக்கேல்லை, தோழர். பேசாமல் போய் மற்றக் கட்சிக்குப் போட்டுட்டு வந்திட்டினம்."

மறுநாள் அவருடைய கோரிக்கை இரண்டாக மாறியிருந்தது. இரண்டாவது குளிப்பு ஒன்று, அதற்காக மாடிக்கு ஒரு மேலதிக ஊழியர் இன்னொன்று. தேர்தலில் வென்றார். வென்றதைக் கேட்டவுடன் "திரும்ப எண்ணச் சொல்லுங்கோ" என்றார். வென்று பழக்கமில்லாத மனிதர்.

இரண்டு கிழமை கழித்து மதாம் தெரியோ மஃபின் கொண்டு வந்தா. என் சட்டைக் கையில் இரண்டு விரலை வைத்து, ஹாலித் பேயை மூன்றாம் மாடிக்கு மாற்றுவது பற்றி யோசிப்பதாகச் சொன்னா.

மூன்றாம் மாடி என்றால் நினைவு தவறியவர்களின் மாடி. கதவில் எண் அழுத்தினால்தான் திறக்கும். உள்ளே இருப்பவர்களுக்கு எண் தெரியாது. குழு, கூட்டம் ஒன்றும் அங்கே இல்லை. அங்கே போனவர் கீழே வருவது மகள் வந்து கூட்டிக்கொண்டு போனால்தான். மதாம் தெரியோ கெட்டவ அல்ல. ஹாலித் பே விடியப்புறத்தில் படுக்கையில் எழும்பி இருந்து துருக்கியில் உரத்துப் பேசுவது உண்மை. பக்கத்து அறைக்காரர் பயந்ததும் உண்மை. ஆனால் அவர் வந்த நாளிலிருந்தே அப்படித்தான் பேசினார். குழுத் தலைவரான பிறகுதான் அது நோயாகத் தெரிந்தது.

செய்தி அவருக்கும் போய்விட்டது. அன்று அவரைக் குளிக்க வார்த்தேன். துடைத்துவிட்டுச் சட்டை போடும்போது சொன்னார்: "பூட்டின கதவுக்குள்ள இருந்து எனக்குப் பழக்கம். ஆனா மறியலில ஒரு நாளைக்கு வெளியில விடுவினம் எண்டு தெரியும். அங்க மேல போனவை ஆரும் வெளியில வந்ததோ, தோழர்?"

நான் பொத்தானைப் பூட்டினேன்.

முதலில் ஒரு நினைவுப் பரிசோதனை வைத்தார்கள். ஒரு இளம் பெண் அட்டையும் பேனாவுமாக வந்தாள். அவரை நேராக இருத்தி வைக்க நானும் அறையில் நின்றேன்.

"இண்டைக்கு என்ன நாள், மெசியே?"

"உங்களுக்குத் தெரியாதோ?"

"நாங்கள் இப்ப எந்த இடத்தில இருக்கிறம்?"

"நான் இஞ்ச என்ர விருப்பத்தோட வரேல்லை எண்டு எழுதுங்கோ."

அவள் எதையோ எழுதினாள். மூன்று சொல் சொன்னாள்: அப்பிள், மேசை, சில்லறை. இவற்றை நினைவில் வைத்திருங்கள், கொஞ்சத்தால் கேட்பேன் என்றாள். படம் ஒன்றைக் கீறச் சொன்னாள்; அவர் பேனாவைத் தொடவில்லை. பிறகு அந்த மூன்று சொல்லையும் கேட்டாள்.

"என்ர பேர் ஹாலித். அதுக்கு மேல ஒண்டும் சொல்ல ஏலாது."

அவள் மூன்று தரம் கேட்டாள், அன்பாகத்தான் கேட்டாள். அவர் யன்னலைப் பார்த்தார். அட்டையும் பேனாவுமாக முன்னால் இருந்து, உனக்கு என்ன தெரியும் என்று கேட்பவரிடம் ஒன்றும் சொல்லக் கூடாது என்பது அவருக்கு உடம்பில் ஊறின பாடம். எனக்கும் ஊரில் சோதனைச் சாவடிகளில் வேறொரு பாடம் ஊறியிருந்தது: கேட்டதுக்கு மட்டும் பதில், பதிலோடு ஒரு சிரிப்பு. என்னைச் சோதித்திருந்தால் முழுப் புள்ளி வாங்கியிருப்பேன்.

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். கதவு சாத்தியதும் அவர் பின்னால் சரிந்து, என் காதில் சொன்னார்:

"அப்பிள், மேசை, சில்லறை. ஒண்டையும் விடேல்லை, தோழர்."

முகம் முழுக்கப் பெருமை. நான் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நாற்காலியைத் தள்ளினேன்.

முடிவெடுக்கிற கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். அவரை நாளும் பார்க்கிற ஆள் நான்தான் என்றபடியால். முதல் நாள் தவம் சொன்னான்: "அண்ணை, பொய் சொல்லத் தேவையில்லை. விடியக் கத்துறார் எண்டு உண்மையைச் சொல்லுங்கோ, காணும். மனிசன் மேல போகும், எங்கட நாரி தப்பும்." உண்மையைச் சொல்லி ஒருவரைப் பூட்டி வைக்கலாம் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. வீட்டில் பிள்ளையாருக்கு முன்னால் நின்றபோது ஹாலித் பேயின் புத்தியைக் காப்பாற்று என்று கேட்கவில்லை. என் நாக்கைக் காப்பாற்று என்றுதான் கேட்டேன்.

மேசையில் மதாம் தெரியோ, மகள், வைத்தியர். வைத்தியர் தடித்த கண்ணாடி போட்ட வயதான பெண்.

"விடிய உரத்துக் கதைக்கிறவரோ?" என்று வைத்தியர் கேட்டா.

"ஓம்."

"ஆரோட?"

"பாராளுமன்றத்தோட எண்டு நினைக்கிறன்."

மகள் கண்ணை மூடினா. உதவி செய்யப் போய் நான் அவருக்குக் குழி வெட்டுகிறேன் என்று தெரிந்தது.

"எல்லா நாளும் ஒரே பேச்சோ, வேறை வேறையோ?"

"ஒரே பேச்சு. அந்தக் காலத்தில பாதியில நிப்பாட்டினது. மிச்சத்தைப் பேசிப் பாக்கிறார்." பிறகு அந்த மூன்று சொல்லைப் பற்றியும் சொன்னேன். வெளியில் வந்து என் காதில் சொன்னதைச் சொன்னேன்.

வைத்தியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா. "நான் அதுக்குப் புள்ளி போட ஏலாது. அறைக்குள்ள சொல்லியிருக்க வேணும்" என்றா. சொல்லும்போது அவவுக்கும் அது பிடிக்கவில்லை என்று தெரிந்தது.

மகள் வாய் திறந்தா. "அப்பா மறியலில இருக்கேக்கையும் அம்மா ஒரு வரி கேட்டு எழுதினால் அரை வரிதான் பதில் வரும். எனக்கு அவர் பாதுகாப்பாய் இருந்தால் போதும்."

"அவர் நல்லாய்க் கதைக்கிற நேரம் எது?" என்று வைத்தியர் என்னைக் கேட்டா.

"வியாழக்கிழமை பின்னேரம். குழுக் கூட்டம்."

"அப்ப நான் வியாழக்கிழமை வாறன்."

மதாம் தெரியோவின் இரண்டு விரலும் மேசையில் ஒரு சட்டைக் கையைத் தேடின.

வியாழக்கிழமை நான் அவருக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிட்டேன். யார் வந்திருக்கிறார்கள் என்று சொல்லவில்லை. சொன்னால் வாயைக் கட்டிக்கொண்டு இருந்துவிடுவார். கூட்டத்தில் பாதிப் பேர் நித்திரை. வைத்தியர் பின்னால் ஒரு மூலையில் இருந்தா. மதாம் தெரியோ மஃபின் தட்டை மேசையில் வைத்தா.

"தோழர், அது தீர்மானத்துக்குப் பிறகு" என்றார் ஹாலித் பே.

தட்டு யன்னல் கட்டுக்குப் போனது. அவர் போன கூட்டத்தில் யார் என்ன சொன்னது என்பதை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி நினைவுபடுத்தினார். நித்திரை கொண்டவர்களின் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினார். பழைய தலைவி, குளிர்காலத்தில் இரண்டு குளிப்பு என்றால் சளி பிடிக்கும் என்று எதிர்த்தா. அவவை முழுவதும் பேச விட்டு, "மதாம் சொல்லுறதில உண்மை இருக்கு, விரும்பாதவைக்குக் கட்டாயமில்லை எண்டு சேர்ப்பம்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, ஒரு குளிப்பைச் சரியாக வார்க்க என்ன வேண்டும் என்று கேட்டார்.

நான் தண்ணீரின் சூட்டில் தொடங்கித் துவாய் வரைக்கும் சொன்னேன். ஆள் காணாத நாளில் எதெதை விடுகிறோம் என்பதையும் சொன்னேன். பொறுப்பாளருக்கு முன்னால் அதைச் சொன்னது அதுவே முதல் தரம். அவர் எவ்வளவு நன்றாகப் பேசுகிறாரோ அவ்வளவுக்கு என் நாரிக்கு வேலை கூடுகிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மனதுக்குள், நல்லாய்ப் பேசும் ஐயா, நல்லாய்ப் பேசும் என்று சொல்லிக்கொண்டு நின்றேன்.

தீர்மானம் நிறைவேறியது. வைத்தியர் எழும்பிப் போகும்போது யன்னல் கட்டிலிருந்து ஒரு மஃபினை எடுத்துக்கொண்டு போனா. ஹாலித் பே இரண்டாம் மாடியிலேயே இருக்கலாம் என்று அடுத்த நாள் சொன்னார்கள்.

செவ்வாய்க்கிழமைகளில் இரண்டாவது குளிப்பும் வந்தது. மேலதிக ஊழியரைப் பற்றி ஆராய்வதாகச் சொன்னார்கள். நான் ஓய்வு பெறும்வரை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். "உங்கட தோழரால என்ர நாரி போச்சு" என்று தவம் ஒவ்வொரு செவ்வாயும் சொன்னான். ஹாலித் பேயிடம் நான் அதைச் சொன்னபோது, "எல்லாப் புரட்சியிலையும் இப்பிடித்தான், தோழர். பாதிதான் நிறைவேறும், அதையும் தொழிலாளிதான் சுமப்பான்" என்றார். மன்னிப்புக் கேட்டாரா, வகுப்பு எடுத்தாரா என்று தெரியவில்லை.

அதற்கு அடுத்த குளிர்காலம் அவருக்கு அந்த மறதி உண்மையாகவே வந்துவிட்டது. தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு தேநீர் எங்கே என்று கேட்டார். என்னை யாரோ செத்துப்போன சிநேகிதரின் பெயரால் கூப்பிட்டார். ஒரு காலை, பாராளுமன்றம் போக வேண்டும் என்று செருப்போடு பனிக்குள் இறங்கி, தெருமுனையில் பஸ்ஸுக்குக் காத்து நின்றார். சாரதி நல்ல மனிதர். திரும்பக் கொண்டுவந்து விட்டார். இந்த முறை கூட்டத்தில் யாரும் எதிர்த்துப் பேசவில்லை, பேச ஒன்றும் இல்லை. மதாம் தெரியோ மஃபின் கொண்டு வரவில்லை. "இன்னும் ஒரு கிழமை பார்ப்பம்" என்று அவவே மூன்று கிழமை தள்ளிப்போட்டா. கடைசியில் மகள் சம்மதித்தா. நான்தான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனேன். கதவில் எண்ணை அழுத்தும்போது அவர் பார்க்காமல் இருக்க என் உடம்பால் மறைக்க வேண்டும், அது விதி. மறைத்தேன். அவர் பார்க்கவும் முயலவில்லை.

மூன்றாம் மாடியில் மத்தியானச் சாப்பாடு ஊட்ட ஆள் காணாது என்று என்னைச் சில நாட்கள் அனுப்புவார்கள். அப்படி ஒரு நாள் ஒரு கிழவிக்கு சூப் ஊட்டிக்கொண்டிருந்தேன். ஹாலித் பே அடுத்த மேசையில் இருந்தார். கொஞ்ச நாளாக ஒரு சொல்லும் பேசாதவர், திடீரென்று கரண்டியால் மேசையில் தட்டினார்.

"தோழர்களே, ஒரு தீர்மானம். இந்தக் கதவைத் திறக்க வேணும். ஆதரிக்கிறவை கையை உயர்த்துங்கோ."

நல்ல பிரெஞ்சு, சுத்தமான பிரெஞ்சு. ஒருவர் கையை உயர்த்தினார். அவரைப் பார்த்து இன்னொருவர் உயர்த்தினார். அங்கே ஒருவர் செய்வதை மற்றவர் செய்வார்கள். நான் சூப் ஊட்டிய கிழவியும் உயர்த்தினா. சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பவரும் சுவரைப் பார்த்தபடியே உயர்த்தினார். மண்டபம் முழுக்கக் கை. எதற்கு என்று அவர்களில் யாருக்காவது தெரிந்ததோ, சிவனுக்குத்தான் வெளிச்சம். எனக்குத் தெரியும். என் கையும் மேலே போய்விட்டது, சூப் கரண்டியோடு.

ஹாலித் பே ஒவ்வொரு கையாகப் பார்த்து எண்ணிக்கொண்டு வந்தார். என்னிடம் வந்ததும் நிறுத்தினார்.

"நீங்கள் ஊழியர், தோழர். உங்களுக்கு இஞ்ச வாக்கில்லை. கையைக் கீழ விடுங்கோ."

நான் கையைக் கீழே விட்டேன். அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து எண்ணினார்.